ஈயமணிக் கணக்கு

தடைக்காலத்தின் இருபதாம் நாள்.
பாம்பன் கரையில் விசைப்படகுகள்
ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன.
கச்சான் காற்றுக்கு
எங்கள் வீட்டுக் கதவை விட்டால் வேறு வேலையில்லை.

மீன் இல்லை. மீன் வைக்கும் ஐஸ் பெட்டி இருந்தது.
ரினோசா அதைத் தேய்த்துக் கழுவி
முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி
"இதுதான் கடல்" என்றாள்.
லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை போடும் தெரு.
எட்டிப் பார்த்தவர்களுக்கெல்லாம்
"உப்புத் தண்ணிதாங்க, கிணத்துல எறைச்சது"
என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது எனக்கு.

ஆளுக்கொரு சாண் அலுமினியத் தாள்,
பரோட்டாப் பொட்டலத்தில் வந்தது,
சால்னா வாசம் இன்னும் போகவில்லை.
கத்தரி கூடாது. பசை கூடாது.
மடித்துப் படகு செய்யவேண்டும்,
அதிகம் சுமப்பது ஜெயிக்கும்.
பாரத்துக்கு
கிழிந்த வலையிலிருந்து உருவிய ஈயமணிகள்:
ஒரே அச்சு, ஒரே எடை.
எண்ணுவது ஜெனிஸ்டன்.
இருபதுக்கு மேல் அவனுக்குத் தடுமாறும்,
அதனால் இருபது இருபதாகக் குவித்து வைத்தோம்.

இவளுடைய அப்பா
பதினாறு வயதிலிருந்து படகில் ஏறுகிறவர்.
சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.
விரல் நுனியில் அணியம் எழுந்தது,
வயிறு ஒடுங்கி, பின்புறம் தாழ்ந்து,
பார்த்தால் கையெடுத்துக் கும்பிடலாம்,
அப்படி ஒரு வள்ளம்.

என்னுடையது பெட்டி.
அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.
நான்கு பக்கமும் ஒரு விரற்கடை சுவர்.
"இது படகா, பாத்திரம் கழுவுற தட்டா?"
அவர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

முப்பத்தொன்றாவது மணியில்
அவர் வள்ளம்
சத்தமில்லாமல் உள்ளே போனது.
அவர் முகத்தை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் தட்டு
ஐம்பதைத் தாண்டியது. அறுபது.
தெருவில் போன இன்னாசி சைக்கிளை நிறுத்தினார்.
எழுபத்து நான்கு.
ஜெனிஸ்டன் "எழுபத்தி பதினொன்னு!" என்று கத்திய வேகத்தில்
கை பட்டுக் கவிழ்ந்தது,
கணக்கில் அது செல்லும் என்றாள் ரினோசா.

"தண்ணி சும்மா நிக்குது" என்றார் அவர்.
"கடல் எப்போ சும்மா நின்னுச்சு?"

நியாயம்தான்.
நசுங்கியதை நிமிர்த்தி, இரண்டிலும் இருபது மணி.
ரினோசா பெட்டியின் ஓரத்தைப் பிடித்து ஆட்டினாள்.
இரண்டாவது அலைக்கு
என் தட்டில் மணிகள் மொத்தமும் ஒரே பக்கம் ஓடின,
அந்தப் பக்கம் தண்ணீரைக் குடித்தது.
அவர் வள்ளத்தில்
மணிகள் அடிவயிற்றில் குவிந்து கிடந்தன,
அது ஆடியது, ஆடிக்கொண்டே இருந்தது.

ரினோசா நோட்டில் இரண்டு கட்டம் போட்டு
ஜெயித்தவர் என்ற இடத்தை அடித்துவிட்டு
"எதற்கு?" என்று எழுதினாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை.
ஓடுகிற பாரத்தை எப்படி நிறுத்துவது?
விடிகாலை மாவு ஊற்றும்போது
கையில் இருந்த இட்லித் தட்டு
கண்ணில் பட்டது.

புதுத் தாளில்
கரண்டி முதுகால் அழுத்தி
குழி குழியாக ஒரு தட்டு.
அவர் வந்து பின்னால் நின்றார்.
ஒன்றும் பேசாமல்
முன்பக்கத்து விளிம்பை மட்டும்
இரண்டு விரலால் மேலே தூக்கி விட்டார்.
"மோதுற அலையை ஏறிக்கடக்கணும்ல."

ஐம்பத்தெட்டு. ஆட்டியும் நின்றது.
இட்லி கருகியது.

ஜூன் பாதியில் தடை நீங்கிய ராத்திரி
ஐஸ் பெட்டி திரும்ப ஐஸ் பெட்டியானது.
மணிகளை வலையில் கோத்து முடித்தபோது
ஒன்று குறைந்தது.
ஜெனிஸ்டன் கால்சட்டைப் பை
அவன் நடக்கும்போது
ஒரு பக்கமாகத் தொங்கியதை
நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

"ஒரு மணி இல்லாட்டி வலை மிதந்துடாது"
என்று விளக்கை எடுத்துக்கொண்டு
கரைக்கு இறங்கினார்.